டிவி அறை கார்பெட்டில் அலை அலையாக மடிப்பு, ஊஃபர் உறுமினால் தரையில் அதிர்வு: எங்கிருந்து தொடங்குவது?

நடுநிசி_ரசிகன்:

வணக்கம் நண்பர்களே. விளக்கை அணைத்துவிட்டு ராத்திரியில் பேய்த்தொடர் பார்ப்பதற்கென்றே ஒதுக்கிய அறை. அதில் சுவருக்குச் சுவர் கார்பெட் போட்டு நாலு மாதம் ஆகிறது. இப்போது திரையில் வருவதைவிடத் தரையில் கிடப்பதுதான் அதிகம் மிரட்டுகிறது. நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் இருட்டில் மடிப்பு காலைத் தடுக்குகிறது.

அறை 4.2 மீ அகலம், 5.4 மீ நீளம். டிவி குட்டைச் சுவரில். தரை, மரச்சட்டங்களின் மேல் 18 மிமீ பிளைவுட். கார்பெட் நைலான், வெட்டிய இழை, 3.66 மீ அகல ரோல், க்ரீம் நிறம். அடிமெத்தை 12 மிமீ ஃபோம். அதை இரண்டு விரலால் நசுக்கினால் விரலோடு விரல் முட்டுகிறது.

குறைகள் இவை. டிவி சுவருக்கு இணையாக மூன்று மடிப்புகள். ஒவ்வொன்றும் 20 செமீ அகலம், 1.5 செமீ உயரம். கதவோரத்திலிருந்து கோணலாக இன்னொன்று. இரண்டு துண்டை ஒட்டிய இணைப்பு, டிவியிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி அறையின் குறுக்கே ஓடுகிறது. பகலில் சுமார்தான், ஆனால் டிவி வெளிச்சம் மட்டும் இருக்கும்போது வரப்பு மாதிரி நிழல் விழுகிறது. ஜன்னல் சுவரோரம் வெறுங்காலில் முள் குத்துகிறது. ஊஃபரில் உறுமல் வந்தால் எங்கிருந்தோ 'ஸ்ர்ர்ர்' என்று ஓர் அதிர்வு, நடந்தால் கிறீச். கிறீச் சத்தம் தொடரில் வந்ததா வீட்டில் வந்ததா என்று தெரியாதது கூடுதல் திகில்தானே என்று வீட்டில் கேலி வேறு.

இன்னொன்று, டிவி இருக்கும் உயரமான அலமாரி லேசாக முன்பக்கம் சாய்ந்தாற்போல் தெரிகிறது. பிரமையா?

போட்டவர்கள் "நாளாக நாளாகத் தானே படிந்துவிடும்" என்கிறார்கள். படியுமா?


சும்மா_சொன்னேன்:

மடிப்பு மேல ஈரத்துணி விரிச்சு அயர்ன் பண்ணுங்க. இல்லன்னா சிரிஞ்சுல பசைய உள்ள ஏத்திட்டு ரெண்டு நாள் கனமா எதையாவது தூக்கி வைங்க. அவ்ளோதான் மேட்டர்.


பாய்விரிப்பான்:

மேலே சொன்ன இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். முதுகுத்துணி பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அது சுமார் 160 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கும். துணிக்கு வைக்கிற அயர்ன் சூடு அதைத் தாண்டும். பசை ஏற்றுவது, மெத்தையே இல்லாமல் நேரடியாகத் தரையில் ஒட்டிய கார்பெட்டுக்கு உரிய வைத்தியம். உங்களுடையது மெத்தைமேல் இழுத்து மாட்டியது. பசை ஃபோமோடு சேர்ந்து கட்டிபட்டுவிடும், பிறகு கார்பெட்டைத் தூக்கும்போது மெத்தையும் பிய்ந்துகொண்டு வரும்.

தானாகவும் படியாது. மடிப்பு டிவி சுவருக்கு இணையாக இருக்கிறதென்றால் தொய்வு அறையின் நீளவாக்கில் இருக்கிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். 20 செமீ அகலம், 1.5 செமீ உயரம் உள்ள ஒரு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் அதிகப்படி நீளம் 3 மிமீதான். மூன்றும் சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. இதனால்தான் போட்டவர்கள் கருவியால் நாலு இடி இடித்து மறைத்துவிட்டுப் போகிறார்கள். ஒரே மாதத்தில் திரும்ப எழும்புகிறது. மடிப்பு மறைவது வேறு, கார்பெட் இழுபட்டு நிற்பது வேறு. வெட்டிய இழைக் கார்பெட்டை நீளத்திலும் அகலத்திலும் 1 முதல் 1.5 சதவீதம்வரை இழுத்து மாட்டவேண்டும். உங்கள் அறைக்கு நீளவாக்கில் 5.4 முதல் 8 செமீ, அகலவாக்கில் 4.2 முதல் 6.3 செமீ. சரியான அளவு கார்பெட்டின் தயாரிப்பாளர் தரும் நிறுவல் தாளில் இருக்கும்.

இவ்வளவு இழுவையை முழங்கால் இடிப்பானால் கொடுக்கமுடியாது. அது கார்பெட்டை நகர்த்தி இடத்தில் வைக்கவும், சிறு மூலைகளில் மாட்டவும் உள்ள கருவி. இழுப்பதற்குப் பவர் ஸ்ட்ரெச்சர் வேண்டும்: எதிர்ச்சுவரில் வாலை முட்டுக்கொடுத்து, குழாய்களைக் கோர்த்து, நெம்புகோலை அழுத்தி இழுப்பது. அமெரிக்காவின் கார்பெட் அண்ட் ரக் இன்ஸ்டிட்யூட் வகுத்த நிறுவல் நெறி, இழுத்து மாட்டும் கார்பெட்டுக்குப் பவர் ஸ்ட்ரெச்சரைக் கட்டாயம் என்றே சொல்கிறது. இடிப்பானை நாள்முழுதும் முட்டியால் அடிக்கிறவர்களுக்கு மூட்டுதான் முதலில் போகும், கார்பெட் அப்போதும் இழுபடாது. (முட்டிச் சிப்பியால் அடிக்கக்கூடாது, அதற்குச் சற்று மேலே, தொடைச் சதையால் அடிக்கவேண்டும். அதுவே பலருக்குத் தெரியாது.)

போட்டவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இழுத்தபிறகு சுவரோரம் எத்தனை சென்டிமீட்டர் வெட்டி எடுத்தீர்கள்?" நிஜமாக இழுத்திருந்தால் பதில் உடனே வரும்.

ஆனால் இழுப்பதற்கு முன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாகவேண்டும். ஒரு மூலையில், நுனிக்குறட்டால் இழையை வேரோடு சேர்த்துப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் கிரிப்பர் பட்டையிலிருந்து (சுவரோரம் தரையில் அடித்திருக்கும் முள் பதித்த பட்டை) கழன்று வரும். அங்கே கவனிக்கவேண்டியவை:

பட்டையின் முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கவேண்டும். அறையைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் பட்டை திருப்பி அடிக்கப்பட்டிருக்கிறது, எவ்வளவு இழுத்தாலும் நழுவும்.

பட்டைக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் (சுவரடி ஓரப்பலகை) இடைவெளி எவ்வளவு? கார்பெட் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 10 மிமீக்கு மேல் போகக்கூடாது. அந்தச் சந்துக்குள்தான் வெட்டிய ஓரம் மடங்கி இறுகவேண்டும். சந்து அதிகமானால் ஓரம் பிடிப்பின்றி உள்ளே தொங்கும், பட்டை நீங்கள் கால் வைக்கிற இடத்துக்கு வந்துவிடும், முள் குத்தும்.

ஒவ்வொரு துண்டுப் பட்டைக்கும் குறைந்தது இரண்டு ஆணி இருக்கிறதா? 7 செமீ துண்டுக்கும் இரண்டு வேண்டும். ஒற்றை ஆணி அடித்தால் இழுவையில் துண்டு சுழலும்.

மெத்தை பட்டையை ஒட்டி நிற்கிறதா, அதன்மேல் ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் முள் கார்பெட்டை எட்டாது.

பார்த்துவிட்டு எழுதுங்கள். மெத்தை பற்றிய என் சந்தேகம் ஏற்கெனவே உறுதியாகத்தான் இருக்கிறது. 12 மிமீ அதிகம். வீட்டு உபயோகத்துக்கு 11 மிமீ உச்சம், வளையமிட்ட இழைக் கார்பெட் என்றால் 9 மிமீ. அதைவிட முக்கியம் அடர்த்தி: ஒட்டுத்துண்டு ஃபோம் (ஃபோம் துணுக்குகளை ஒட்டிச் செய்தது) கன மீட்டருக்கு 96 கிலோவாவது இருக்கவேண்டும், வளைய இழைக்கு 128. விரலோடு விரல் முட்டுகிற ஃபோம் அந்தப் பக்கமே வராது. ஒவ்வொரு காலடிக்கும் கார்பெட் குழிந்து நிமிர்கிறது, அந்த ஆட்டத்தில் முள் பிடித்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. மெத்தென்று இருந்தால் உயர்ந்த ரகம் என்று விற்பவரும் நினைக்கிறார், வாங்குபவரும் நினைக்கிறார்.


நூலேணி:

பாய்விரிப்பான் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இழுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தீர்க்காவிட்டால் இழுவையே கேடாக முடியும்.

முதலாவது, முதுகுத்துணி பிரிந்திருக்கிறதா என்ற சோதனை. கார்பெட்டில் இரண்டு முதுகுத்துணிகள் உண்டு: இழை தைத்த முதல் துணி, அதன்மேல் லேட்டக்ஸ் பசையால் ஒட்டிய இரண்டாம் துணி. தூக்கிய மூலையில் இரண்டையும் கையால் பிரித்துப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் விரல்வலிக்கப் பிரிக்கவேண்டும். காகிதம்போல் உரிந்து வெள்ளைப் பொடி கொட்டினால் லேட்டக்ஸ் செத்துவிட்டது. இழுத்தாலும் மேல்துணி தனியே உப்பும். மடிப்பின்மேல் கையை வைத்து அழுத்தும்போது, மெத்தைக்கு மேலே மொத்தக் கார்பெட்டும் ஒன்றாக நகர்கிறதா, மேல்தோல் மட்டும் வழுக்குகிறதா என்பதிலும் இது தெரியும். அப்படியானால் அது போட்டவர் தவறல்ல, சரக்கின் தவறு. முறையீடு போகவேண்டிய இடம் வேறு. சமீபத்தில் தண்ணீர் அதிகம் விட்டுக் கழுவியிருந்தால் மட்டும் முழுதாகக் காய்கிறவரை எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஈரத்தில் எழும் மடிப்பு காய்ந்ததும் பெரும்பாலும் அடங்கும்.

இரண்டாவது, இணைப்பு. இதுதான் உங்கள் அறையின் உண்மையான பிரச்சினை என்பேன். இழுவிசை கார்பெட்டின் முதுகுத்துணி வழியாகப் போகிறது. இணைப்பு வரும் இடத்தில் மட்டும் அதற்கு ஒரு படி கீழே உள்ள டேப் வழியாகப் போகவேண்டியிருக்கிறது. இறுக்கும்போது இரண்டும் ஒரே கோட்டுக்கு வரப் பார்க்கும். டேப் மேலே ஏறும், இணைப்பு வரப்பாக எழும். எவ்வளவு திறமையாக ஒட்டினாலும் இது கொஞ்சமாவது இருக்கும். மெத்தை எவ்வளவு மெத்தோ அவ்வளவு கூடும். இணைப்புக்குக் குறுக்கே இழுத்தால் எழும், இணைப்பின் நீளவாக்கில் இழுத்தால் எழாது.

உங்கள் அறையில் இணைப்பு குறுக்கே ஓடுகிறது, தொய்வோ நீளவாக்கில். அதாவது மடிப்பு போக நன்றாக இழுத்தால் வரப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். டிவி வெளிச்சம் அதன்மேல் படுக்கைவாக்கில் குறுக்கே விழுவதால் நிழலும் கூடும். வெளிச்சம் வரும் திசையிலேயே இணைப்பு ஓடவேண்டும் என்பது பழைய விதி. ஜன்னலைப் பார்த்துச் சொன்னது, இருட்டில் பார்க்கும் அறைக்கு டிவிதான் ஜன்னல்.

ஏன் குறுக்கே போட்டார்கள்? ரோல் மிச்சம். குறுக்கே போட்டால் 4.2 மீ நீளத்தில் இரண்டு துண்டு, மொத்தம் 8.4 மீ போதும். நீளவாக்கில் போட்டால் 5.4 மீட்டரில் ஒன்று, பக்கத்தில் அரை மீட்டர் பட்டைக்காக இன்னொரு 5.4 மீ: மொத்தம் 10.8 மீ. வெட்டுக்கழிவு இரண்டிலும் தனி. இதை முன்கூட்டியே வரைபடம் போட்டு உங்களிடம் கேட்டிருக்கவேண்டும். கேட்காமல் செய்ததுதான் உங்கள் முறையீட்டின் பலமான புள்ளி.

இருக்கிற கார்பெட்டை வைத்தே சமாளிப்பதென்றால்: பழைய இணைப்பைப் பிரித்து, இருபக்க ஓரத்தையும் இழை வரிசை பார்த்து வெட்டி (பின்பக்கமிருந்து வெட்டக்கூடாது, இழை அறுபடும்), ஓரங்களுக்கு லேட்டக்ஸ் பூசி அடைத்து, அகலமான உருகு டேப்பில் ஒட்டவேண்டும். சாதாரண டேப்பைவிட 15 செமீ டேப் வரப்பைத் தணிக்கும். டேப்பை உருக்க அடியில் வைக்கும் அயர்னின் சூடு, டேப்பின் பசை உருகுமளவுக்கு மட்டுமே. சூடு கூடினால் முதுகுத்துணி சுருங்கி இணைப்பு நெடுகிலும் நெளியும். இப்போது உங்களுக்கு நெளிவும் இருக்கிறதா என்று கைவிரலால் தடவிப் பாருங்கள். அயர்ன் நகர்ந்த இடத்தில் உடனே வழவழப்பான பலகைத் துண்டை வைத்து அழுத்தி, ஆறும்வரை விடவேண்டும். அரைமணி நேரமாவது ஆறாமல் ஸ்ட்ரெச்சரைத் தொட்டால் டேப் வழுக்கி இடைவெளி விழும்.

இரு துண்டின் இழைச் சாய்வும் ஒரே பக்கமா என்பதையும் பார்த்துவிடுங்கள். கையால் ஒரே திசையில் தடவும்போது ஒன்று வழுக்கி மற்றது சொரசொரத்தால், இரண்டாம் துண்டு தலைகீழ். அதைச் சரிசெய்ய வழியே இல்லை, மாற்றவேண்டியதுதான்.


நடுநிசி_ரசிகன்:

பார்த்துவிட்டேன். ஜன்னல் பக்கம் பட்டைக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் 25 மிமீ சந்து. முள் சுவரைப் பார்த்துத்தான் சாய்ந்திருக்கிறது. ஆனால் அந்த மூலையில் ஐந்தாறு குட்டித் துண்டுகளை வரிசையாக அடித்திருக்கிறார்கள். மூன்றுக்கு ஒற்றை ஆணி, விரலால் திருகினால் சுழல்கிறது. மெத்தை மூலையில் பட்டைமேல் ஒரு விரற்கடை ஏறியிருக்கிறது. முதுகுத்துணி பிரியவில்லை, பலமாகத்தான் இருக்கிறது. இழைச் சாய்வு இரண்டு துண்டிலும் ஒன்றே. இணைப்பில் நெளிவு இல்லை, வரப்பு மட்டும்.

"எவ்வளவு வெட்டினீர்கள்" என்று கேட்டேன். "உங்க ரூம் கரெக்ட் சைஸ் சார், வெட்டவே தேவைப்படல" என்றார்கள்.


பாய்விரிப்பான்:

அப்படியென்றால் ஸ்ட்ரெச்சர் வண்டியை விட்டே இறங்கவில்லை. அந்தப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். கூடவே, டார்ச்சைத் தரையில் படுக்கவைத்து மடிப்பையும் வரப்பையும் படமெடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் கிடக்கட்டும். 25 மிமீ சந்தையும் அளவுகோலோடு எடுங்கள். மிச்சத் துண்டுகளையும் ரோல் எண் ஒட்டிய லேபிளையும் தூக்கிப்போடாதீர்கள்.

சரிசெய்யும் வரிசை: அறையைக் காலிசெய், கார்பெட்டைச் சுருட்டு, மெத்தையை எடு, தரையின் கிறீச்சைத் தீர், பட்டையைத் திருத்து, புது மெத்தை, இணைப்பு, கடைசியில் இழுவை. அலமாரியை நகர்த்தாமல் அதைச் சுற்றி இழுக்கிறேன் என்று யாராவது சொன்னால் அனுப்பிவிடுங்கள். அலமாரிக் காலிலிருந்து கதிர்போல மடிப்பு கிளம்பும்.

கிறீச்: பிளைவுட் சட்டத்திலிருந்து விட்டுப்போய் ஆணியோடு உரசும் சத்தம். இப்போதே செருப்பில்லாமல் நடந்து, கிறீச்சிடும் இடங்களில் நிறமில்லாத டேப்பை ஒட்டிவையுங்கள், அவற்றைச் சுவரிலிருந்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கார்பெட் போனபிறகு அந்த இடங்களில் சட்டத்தின்மேல் 50 மிமீ மர ஸ்க்ரூவை 15–20 செமீக்கு ஒன்றாக இறக்கவேண்டும். ஸ்க்ரூத் தலை பிளைவுட் மட்டத்துக்குக் கீழே போகட்டும். கீழே வயரோ தண்ணீர்க் குழாயோ ஓடும் இடம் தெரியாமல் ஸ்க்ரூ போடாதீர்கள். இந்த ஒரு வேலையைக் கார்பெட் போடுவதற்கு முன்பே செய்யாததுதான் எனக்கு மிகவும் எரிச்சல் தருகிறது; அரைமணி நேர வேலை.

பட்டை: ஜன்னல் பக்கம் முழுவதும் பிடுங்கி, சந்து 6–8 மிமீ வருமாறு புதுப் பட்டை. முள் நீளம் கார்பெட் கனத்துக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். மெல்லிய கார்பெட்டுக்கு நீள முள் போட்டால் இழை மேலேயே நுனி நிற்கும். மற்றச் சுவர்களில் குத்தும் முள் ஒன்றிரண்டு இருந்தால், மாட்டியபின் இழையை விலக்கிச் சுத்தியால் நுனியை மட்டும் லேசாகத் தட்டினால் போதும்.

மெத்தை: 9–11 மிமீ, அடர்த்தி மேலே சொன்னது. வழுவழுப்பான ஃபிலிம் ஒட்டிய பக்கம் மேலே வரவேண்டும், இழுக்கும்போது கார்பெட் அதன்மேல் வழுக்கிப் போக. மெத்தைத் துண்டுகளின் சந்தியும் கார்பெட் இணைப்பும் ஒன்றின்மேல் ஒன்று வரக்கூடாது, 15 செமீயாவது தள்ளியிருக்கட்டும். சந்திகளை டேப் போட்டு மூடி, ஓரங்களை ஸ்டேப்ளர் அடிக்கவேண்டும். சுவருக்கும் தரைக்கும் நடுவே காற்று வரும் இடைவெளி தெரிந்தால் சீலன்ட் நிரப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓரிரு வருடத்தில் க்ரீம் கார்பெட்டின் ஓரம் நெடுக கரிக்கோடு விழும். காற்று உள்ளே வரும்போது தூசியைக் கார்பெட் வடிகட்டுவதால் வரும் கோடு அது, எந்த ஷாம்புக்கும் முழுசாகப் போகாது.

இழுவை: கார்பெட் அந்த அறைச் சூட்டில் 24 மணி நேரமாவது இருந்திருக்கவேண்டும், 18 டிகிரிக்குக் கீழே இழுக்கவேண்டாம், முதுகுத்துணி விறைப்பாக இருக்கும், பிறகு சூட்டில் தளரும். காற்றில் ஈரம் 65 சதவீதத்துக்கு மேல் போனாலும் நிறுத்திவையுங்கள். ஒரு மூலையை இடிப்பானால் மாட்டி, அங்கிருந்து நீளச்சுவரோரமாக அடுத்த மூலைக்கு ஸ்ட்ரெச்சர். பிறகு அதே மூலையிலிருந்து அகலவாக்கில். இந்த இரண்டு சுவரும் பிடித்தபின் எதிர்ச்சுவர்களை நோக்கிச் சற்றுச் சாய்வாக இழுத்துக்கொண்டே போகவேண்டும். ஸ்ட்ரெச்சர் தலை சுவரிலிருந்து 15 செமீ தள்ளி. அதன் பல் இழையையும் முதுகையும் பிடிக்கிற ஆழம் மட்டும். மெத்தையைக் குத்தினால் மெத்தையும் சேர்ந்து இழுபடும். வால் முட்டும் இடத்தில் நேரடியாக ஸ்கர்ட்டிங்கில் வைக்காமல், ஒரு மீட்டர் நீளக் கட்டையைத் துணிசுற்றி வைத்துப் பாரத்தைப் பரப்பவேண்டும். ஜிப்சம் பலகைச் சுவராக இருந்தால் இது மிக முக்கியம், இல்லாவிட்டால் சுவரில் ஓட்டை. நெம்புகோலை அழுத்திப் பூட்டி, அந்த இடத்தைப் பட்டையில் மாட்டி, ஓரத்தைச் சந்துக்குள் திணித்து, பிறகு தலையைத் தலை அகலத்துக்கு நகர்த்துவது. எதிர்ச்சுவரில் மிஞ்சுவதை அளந்து பாருங்கள். நீளவாக்கில் 5 செமீக்கும் கீழே இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

முடிந்ததும் அறை நடுவில் இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விடுங்கள். 'டப்' என்று திரும்பவேண்டும்.

அலமாரி சாய்வது பிரமை இல்லை. பின்கால் கிரிப்பர் பட்டைமேல் நிற்கிறது, அது கடினம். முன்கால் மெத்தைமேல் நிற்கிறது, அது அமுங்கும். உயரமான அலமாரியும் மேலே டிவியும் என்றால் விளையாட்டல்ல. முன்காலுக்கு அடியில் 3 முதல் 6 மிமீ வரை கடினமான ஆப்பு வைத்து ரசமட்டத்தில் சரிபாருங்கள். மேலே சுவரோடு பட்டைபோட்டுக் கட்டுங்கள். கார்பெட் வேலை தள்ளிப்போனாலும் இதை இன்றே செய்யுங்கள்.


கிறீச்சொலி:

அந்த 'ஸ்ர்ர்ர்' என்னவென்று கார்பெட்டைத் தூக்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். சைன் அலை (ஒரே சீரான சுருதி) எழுப்பும் செயலி ஏதாவது போதும். ஊஃபரில் 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 120 வரை மெதுவாக ஏற்றுங்கள், ஒலி மிதமாக. எந்த எண்ணில் அதிர்கிறதோ அங்கே நிறுத்திவிட்டு, ஒருவர் அறையைச் சுற்றி ஒவ்வொரு இடமாக உள்ளங்கையால் அழுத்தட்டும். எங்கே அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான் ஆள். தளர்ந்த கிரிப்பர் துண்டு, ஸ்கர்ட்டிங், அலமாரிக் கதவு, கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் தனித்தனி எண்ணில் பாடும். ஒன்றைத் தீர்த்தபின் அடுத்தது கேட்கத் தொடங்கும். முதல் வெற்றியில் கடையைக் கட்டவேண்டாம்.

ஊஃபரை நேரடியாகத் தரையில் வைக்காமல் அதிர்வு தடுக்கும் பேட்மேல் வைத்தால் மரத்தரை மேளமாவது குறையும்.

கார்பெட் போட்டால் ஒலி அடங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பாதிதான் உண்மை. மெத்தைமேல் விரித்த கனமான கார்பெட்டின் ஒலி உறிஞ்சல் எண்ணாக (0 என்றால் எதையும் உறிஞ்சாது, 1 என்றால் முழுதும் உறிஞ்சும்) ஒலியியல் அட்டவணைகள் வழக்கமாகக் காட்டுவது: 125 ஹெர்ட்ஸில் 0.08, 1000 ஹெர்ட்ஸில் 0.69. அதாவது காலடி, எதிரொலி, கூர்மையான 'ஸ்' எல்லாம் அடங்கும். உறுமல் அப்படியே திரியும். பேய்த்தொடருக்கு இந்தப் பாதியே பெரிய லாபம், ஏனென்றால் திடுக்கிடல் மௌனத்தில்தான் தயாராகிறது. பின்னணி ஒலி எவ்வளவு தாழ்ந்து கிடக்கிறதோ, அதற்குமேல் ஒலி எவ்வளவு சட்டென்று எழுகிறதோ, அதைப் பொறுத்தே உடம்பு தூக்கிப்போடும். மௌனத்தின் நடுவில் தரை கிறீச்சிட்டால் இயக்குநர் கட்டிவைத்தது சரிந்துவிடும்.

அதே காரணத்தால் டிவியிலோ ரிசீவரிலோ 'நைட் மோட்' போட்டுக்கொண்டு "தொடரில் பயமே இல்லை" என்று சொல்லக்கூடாது. அது உரத்த ஒலியைக் குறைத்து மெல்லிய ஒலியை ஏற்றுவது. திடுக்கிடும் காட்சிக்கு நேர் எதிரி. பேச்சு கேட்கவில்லை என்பதற்காகப் போடுகிறீர்கள் என்றால், அதை எடுத்துவிட்டு நடு ஸ்பீக்கரை மட்டும் 2–3 டெசிபெல் ஏற்றுங்கள். தூங்குகிறவர்கள் பக்கத்து அறையில் இருந்தால் ஹெட்போன், நைட் மோட் வேண்டாம். பக்கவாட்டுச் சுற்றொலி ஸ்பீக்கர்கள் நேர்முன்னிலிருந்து 100 முதல் 120 டிகிரிக்குள். தோளுக்குச் சற்றுப் பின்னால் என்று கொள்ளலாம்.

வயர் விஷயம்: கார்பெட் எழுந்திருக்கிற சமயம் பார்த்து அடியில் எல்லா வயரையும் ஓட்டிவிடலாம் என்று ஆசை வரும். மின்சார வயரை ஓட்டவே கூடாது. மிதிபட்டு உறை தேயும், சூடு வெளியேற வழியில்லை, கண்ணுக்கும் தெரியாது. ஸ்பீக்கரின் தட்டை வயர் என்றால் நடக்காத ஓரத்தில் போகலாம்; ஆனால் பட்டைக்கும் சுவருக்கும் இடைச்சந்து கார்பெட் ஓரத்துக்கானது, அங்கே திணித்தால் ஓரம் பிடிக்காது, பட்டையைக் கடக்கும்போது ஆணி துளைக்கும். ஸ்கர்ட்டிங் மேலே ஒட்டும் குழல்தான் நல்லது. கூர்முனைக் காலுள்ள ஸ்பீக்கர் ஸ்டாண்டை இழுவை முடிந்தபிறகே இறக்குங்கள், இழைகளுக்கு இடையே போய்த் தரையில் ஊன்றட்டும்.


கறுப்புத்திரை:

கார்பெட் நிபுணர்கள் நடுவில் படம் பற்றிச் சின்னக் குறிப்பு, ஏனென்றால் இதுவும் அந்த வரப்போடு சம்பந்தப்பட்டது. இருட்டறையில் டிவியே ஒரே விளக்கு, அதுவும் தாழ்ந்த கோணத்தில். அதனால்தான் நிழல் அவ்வளவு நீளமாக விழுகிறது. டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து 6500 கெல்வின் வெள்ளை எல்இடி பட்டை ஒன்றை மங்கலாக ஒட்டினால், சுவரிலிருந்து பரவும் வெளிச்சம் நிழலை நிரப்பும். வரப்பு பாதி மறையும், இருட்டுக் காட்சியில் கண்ணும் களைக்காது. நிறம் மாறும் பட்டை வேண்டாம், திரையின் நிறத்தைக் கண் தப்பாகப் படிக்கும்.

அடுத்து கறுப்பு. இருட்டுக் காட்சி சேறுமாதிரி சாம்பலாகத் தெரிந்தாலோ, உருவமே தெரியாமல் மையிருட்டாக இருந்தாலோ பிளேயரும் டிவியும் ஹெச்டிஎம்ஐ கறுப்பு அளவில் ஒத்துப்போகவில்லை என்று சந்தேகியுங்கள். இரண்டிலும் 'லிமிடெட்' அல்லது இரண்டிலும் 'ஃபுல்'. ஒன்று அது ஒன்று இது என்றால் கெடும். வீடியோவில், 0 முதல் 255 வரையான அளவில், கறுப்பு 16, வெள்ளை 235. சோதனைப் படத்தில் 16 முழு இருட்டு, 18ஆம் பட்டை மயிரிழையில் தெரிந்தால் பிரைட்னஸ் சரி. மின்சேமிப்பும் அறை வெளிச்ச சென்சாரும் அணைந்திருக்கட்டும். விளக்கை அணைத்ததும் அவை திரையையும் மங்கவைத்துவிடும். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியையும் அணையுங்கள், ஆவி நடப்பது நேரலைச் செய்திபோல் ஆகிவிடும். 2019இல் யுஹெச்டி அலையன்ஸ் என்ற டிவி, பட நிறுவனங்களின் கூட்டமைப்பு அறிவித்த 'ஃபிலிம்மேக்கர் மோட்' உங்கள் டிவியில் இருந்தால் ஒரே தட்டில் இந்த அசைவு மெருகெல்லாம் போய்விடும்.

தொடரில் மாடிப்படி இருட்டுக் காட்சி சதுரம் சதுரமாகத் தெரிந்தால் அது டிவியின் குற்றம் இல்லை, ஒளிபரப்பின் பிட்ரேட் (நொடிக்கு வரும் தரவின் அளவு) போதாமை. வைஃபையை விட்டு வயரில் இணைத்து, கணக்கின் தர அமைப்பை உச்சத்தில் வைத்துப் பாருங்கள்.


நடுநிசி_ரசிகன்:

46 ஹெர்ட்ஸ்! ஜன்னல் மூலை, அதே ஒற்றை ஆணித் துண்டுகள். உள்ளங்கையை வைத்தால் நிற்கிறது. 71இல் அலமாரிக் கண்ணாடிக் கதவு ஒன்று தனியாகப் பாடுகிறது.

அலமாரி முன்காலுக்கு 5 மிமீ ஆப்பு வைத்ததும் ரசமட்டம் நேராகிவிட்டது, சுவரோடு கட்டியும் ஆயிற்று. முறையீடு படங்களோடு எழுத்தில் போய்விட்டது: பட்டை, மெத்தை, இழுவை மூன்றும் அவர்கள் செலவில், இணைப்பைப் பற்றித் தனியே பேச்சு. கடைசியாக இரண்டு சந்தேகம். வேலை முடிந்து எத்தனை நேரம் கழித்து அலமாரியை உள்ளே தள்ளலாம்? கதவு இப்போதே கார்பெட்டை உரசுகிறது, அதற்கு என்ன?


நூலேணி:

நடப்பதற்குத் தடையில்லை. கனமானதை இணைப்பின்மேல் உருட்டுவதற்கு ஒருநாள் விடுங்கள். உருட்டும்போது சக்கரத்துக்கு அடியில் பிளைவுட் பலகை போட்டு, பலகைமேல் பலகையாகக் கொண்டுபோங்கள். வெறும் கார்பெட்டில் தள்ளினால் முன்னால் அலை எழும்பும், இழுத்ததெல்லாம் வீண். பழைய இடத்தில் கால் பதிந்த குழிகளில் ஐஸ் கட்டி வைத்து உருகவிட்டு, ஈரத்தை ஒற்றி எடுத்து, இழையை விரலால் நிமிர்த்துங்கள்.


பாய்விரிப்பான்:

உங்கள் கோணல் மடிப்புக்குக் கதவுதான் பாதிக் காரணம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கார்பெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே வருகிறது. கார்பெட்டை அறுக்காமல் கதவைக் கழற்றி அடியைச் சீவவேண்டும், இழை நுனிக்கு மேல் 6 மிமீ இடைவெளி. சீவிய அடிப்பக்கத்துக்குப் பெயின்ட்டோ வார்னிஷோ அடிக்காமல் மாட்டினால் ஈரம் குடித்து மறுபடி உரசும். அளப்பது புது மெத்தையும் இழுவையும் முடிந்தபிறகு, இப்போது அல்ல. மெல்லிய மெத்தை போட்டால் சீவவே தேவையில்லாமலும் போகலாம். நிலைப்படியில் கார்பெட் முடியும் ஓரத்துக்குக் கவ்விப் பிடிக்கும் உலோகப் பட்டை இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். வெறும் ஸ்டேப்ளர் மட்டும் என்றால் அந்த ஓரம்தான் முதலில் பிசிறும்.